கூடையில் ஒரு ஜோடி அதிகம்

எங்கள் துறைமுகத்தில் சொகுசுப் படகுப் பயணங்களுக்கு ஏற்பாடு செய்பவரைப் படகுக்காரம்மா என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள். படகோட்டி அவருடைய கணவர். பன்னிரண்டு விருந்தினருக்கு மேல் ஏற்றினால் கணவரின் உரிமம் போய்விடும். குடும்பத்துக்கு வேறு பிழைப்பு இல்லை.

அன்று ஒரு முதலாளி உறவினர்களோடு வந்திருந்தார். படகின் தளத்தில் கீறல் விழாமலிருக்க, வழக்கம்போல விருந்தினர் எல்லோரும் காலணிகளைக் கரையில் இருந்த கூடையில் போட்டுவிட்டு ஏறினார்கள். அப்போது ஐஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்த படகுக்காரம்மா, கயிற்றை அவிழ்க்குமுன் கூடையைப் பார்த்தார். பதின்மூன்று ஜோடி இருந்தது.

"சார், ஒருத்தர் கூட இருக்காங்க."

"தலையை எண்ணிப் பாருங்கம்மா, பன்னெண்டுதான். சந்தேகம்னா சொல்லுங்க, வேற படகு பாத்துக்கறேன்," என்றார் முதலாளி.

தளத்தில் பன்னிரண்டு பேர்தான் நின்றார்கள். எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. கணவர் மனைவியையே பார்த்தார்.

படகுக்காரம்மா கயிற்றின் முடிச்சை மேலும் இறுக்கினார். ஒவ்வொரு ஜோடியாகக் காட்டி உரியவரைக் கேட்டார். கடைசியில் பளபளக்கும் ஒரு ஜோடி ஷூ மிஞ்சியது. "இதுக்கு ஆளில்லையா? அப்ப கடல்ல போட்டுடறேன்."

கீழறைக் கதவு திறந்தது. "ஐயோ, புதுசும்மா அது," என்றபடி முதலாளியின் மைத்துனர் வெளியே வந்தார்.

"என் தம்பி உயிரை விட்டாலும் ஷூவை விடமாட்டான்," என்றார் முதலாளியின் மனைவி.

மைத்துனர் கரையில் இறங்கி ஷூவை மாட்டிய பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது.