மரவள்ளிப் பசையில் ஒட்டிய கிட்டார்

கிட்டார் வாசிக்க எனக்கு இன்றுவரை தெரியாது. செய்யத் தெரியும். பிரிக்பீல்ட்ஸ் ரயில் பட்டறையில் குமாஸ்தாவாக இருந்தேன். உளியும் இழைப்புளியும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான். ஜப்பான்காரன் காலத்தில் ஊரே கிழங்குக்கு அலைந்தபோது நான் பலகைக்கு அலைந்தேன். தேயிலைப் பெட்டியை உடைத்து முதுகும் பக்கமும் செய்தேன். பட்டறையில் கழித்துப்போட்ட தேக்குச் சட்டம் கழுத்தானது. சைக்கிள் பிரேக் கம்பியைப் புரி பிரித்துத் தந்தியாக்கினேன். அதற்கப்புறம் சைக்கிளைக் காலை ஊன்றித்தான் நிறுத்த வேண்டியிருந்தது. பைத்தியம் என்றார்கள். சொல்லட்டும், அவர்களில் ஒருவனுக்கு ஆடாத முக்காலி செய்யத் தெரியுமா?

வாசிப்பது என் மனைவியின் தம்பி. எங்களோடுதான் இருந்தான். இருபத்திரண்டு வயது, ஒல்லி, விரல் மட்டும் நீளம். நான் செய்த முதல் இரண்டு கிட்டார்களையும் அவன்தான் வாசித்தான். மரவள்ளி மாவில் கிண்டிய பசையால் ஒட்டியிருந்தேன். கரப்பான்பூச்சிகள் பசையைத் தின்றுவிட்டன, பலகைகள் தனித்தனியாகக் கழன்றன. மூன்றாவதை நல்ல பசையில்தான் ஒட்டுவேன் என்று பிடிவாதமாக இருந்தேன். செதுக்கிய பலகைகள் மாதக்கணக்கில் கட்டிலுக்கடியில் கிடந்தன.

ஒரு புதன்கிழமை அவன் பெயர் சயாம் பட்டியலில் வந்தது. சயாம் காட்டில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். ஞாயிறு காலை ரயில். போனவர்கள் யாரும் திரும்பவில்லை என்பது எங்களுக்குத் தெரியும், வாய்விட்டுச் சொல்லவில்லை. அவன் ஒன்றுதான் கேட்டான்.

"அத்தான், அந்த கிட்டார முடிச்சுத் தர முடியுமா? அங்க போனா கையில ஏதாச்சும் இருக்கணும்லா."

"ஞாயித்துக்கெழம உன் கையில இருக்கும்," என்றேன்.

மறுநாள் காய்ச்சல் என்று பட்டறைக்குச் சொல்லியனுப்பிவிட்டு, கடற்கரைப் பக்கம் கிள்ளானுக்கு சைக்கிளை மிதித்தேன். பெரிய மீனின் வயிற்றிலிருக்கும் காற்றுப்பையைக் காயவைத்து, ஊறவைத்து, இளஞ்சூட்டில் உருக்கினால் வருகிற பசைக்கு நிகரே கிடையாது. ஒரு சீன மீன்காரரிடம் என் ஒரே நல்ல கால்சட்டையைக் கொடுத்து காய்ந்த பைகள் ஐந்து வாங்கினேன். அவற்றைச் சட்டியில் ஊறப்போட்டுவிட்டு வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் வந்தால் வீடு மணக்கிறது. மிளகு தட்டிப்போட்டு என் பசையைச் சூப்பு வைத்திருந்தாள் மனைவி. தம்பி கடைசிக் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தான்.

"அது பசைக்கு வாங்குனதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்றாள். "அவன் ரெண்டு மாசமா கெழங்கத்தான் திங்கிறான். ஒங்க பலகைக்கு ஊட்டுறதுக்கு முந்தி எந் தம்பிக்கு ஊட்டுவேன். கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்குங்க."

சட்டியைத் தூக்கி எறிந்திருப்பேன். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, அதனாலேயே எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது. கொல்லைப்பக்கம் போய் வேப்பிலை பறித்தேன். பிறகு உள்ளே வந்து மரவள்ளி மாவைக் கரைத்தேன். கரப்பானுக்காக வேப்பிலைச் சாறு கலந்தேன். மழை ஈரத்துக்கு எதைக் கலப்பது? பலகைகளை ஒட்டி, கிழிந்த டியூபைக் கீற்றாக வெட்டிச் சுற்றி இறுக்கினேன்.

ஞாயிறு விடிந்ததும் அவிழ்த்துத் தந்தி கட்டினேன். ஒட்டு நின்றது. ஆனாலும் காட்டு மழையில் ஒரு மாதம்கூடத் தாங்காது என்று எனக்குத் தெரியும். அவன் கையில் கொடுக்கும்போது வெட்கமாக இருந்தது. என் கைவேலைக்காக நான் வெட்கப்பட்டது அந்த ஒரு முறைதான். ரயில் புறப்படும்வரை அவன் வாசித்துக்கொண்டிருந்தான்.

அதன்பிறகு தகவலே இல்லை. சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பிவந்த பிறகு, ஒரு மத்தியானம் தம்பி வாசலில் வந்து நின்றான். எலும்பும் தோலுமாக, காலில் ஆறாத புண்ணோடு. அக்காள் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன். ஆனால் என் நாக்கு சும்மா இருக்குமா?

"கிட்டார் ஒட்டு எப்ப விட்டுச்சு?"

"மொத மாசமே வாயப் பொளந்துருச்சு அத்தான்."

சூடான காப்பித் தண்ணீரைக் குடித்துக்கொண்டே மீதியைச் சொன்னான். முகாம் சமையல்காரருக்குப் பாட்டென்றால் உயிராம். ஒட்டு விடும்போதெல்லாம் பசைக்கென்று இவன் போய்க் கெட்டிக் கஞ்சி கேட்பானாம், அவரும் ஒரு டின் நிறைய ஊற்றுவாராம். கங்காணி முறைத்தால், பிளந்து கிடக்கும் கிட்டாரைக் காட்டினால் போதும்.

"வெரல்ல தொட்டு ஒட்டுறது கொஞ்சந்தான். மிச்சத்தக் குடிச்சுருவேன். மழையில அது வாராவாரம் விட்டுக்கிட்டே இருந்துச்சு." டம்ளரைக் கீழே வைத்தான். "எங்க கொட்டாயில பதினோரு பேரு படுத்தோம் அத்தான். நா மட்டுந்தான் வந்திருக்கேன்."

 கால்சட்டை கொடுத்து வாங்கிய அந்தப் பசையில் ஒட்டியிருந்தால், கிட்டார் சயாம் காட்டில் இன்றைக்கும் வாய் பிளக்காமல் கிடக்கும். அவன் வந்திருக்க மாட்டான்.