வண்டியில் தொங்கிய சிவப்பு அட்டை

கும்மிடிப்பூண்டி உருக்காலையில் நான் பாதுகாப்பு அதிகாரி. பழுதுபார்ப்பில் இருந்த இயந்திரத்தில் தொங்கிய "இயக்காதே" என்ற சிவப்பு அட்டையைக் கழற்றி ஓட்டியதற்காக, தொழிலாளி வேலுவுக்குக் கோபத்தில் மெமோ கொடுத்தவன்.

பிறகு எனக்கு பைபாஸ் நடந்தது. பிளந்த நெஞ்செலும்பு ஒட்டும்வரை, மூன்று மாதம் பைக் தொடக் கூடாது என்றார் டாக்டர். மூன்றாவது வாரமே, மனைவி குளிக்கப் போன நேரத்தில், புதுவாயல் கடை பஜ்ஜிக்காகச் சாவியோடு நழுவினேன்.

பைக்கில் அதே சிவப்பு அட்டை! பக்கத்தில், நலம் விசாரிக்க வந்த வேலு.

"இன்னா சார், எங்க கெளம்பிட்டீங்க?"

"சும்மா... தொடைக்கலாம்னு."

"மேடம்தான் மாட்டச் சொன்னாங்க. மாட்னவன்தான் கழட்டணும், நீங்க சொன்ன ரூல்தான சார்?"

என் மெமோவில் இல்லாத அக்கறை அந்த அட்டையில் இருந்தது. மூன்று மாதக் கெடு முடிந்து வேலுவே வந்து கழற்றும்வரை, நான் பைக்கைத் துடைக்கக்கூட இல்லை.