அடிமண்ணும் மேல்தண்ணீரும்

யாழ்ப்பாணத்தில் ஆறு இருக்கிறதென்று சொன்னால் வெளியூர்க்காரர் சிரிப்பார்கள். இருக்கிறது ஐயா, மாரியில் மட்டும். வழுக்கையாறு என்று பேர். கோடையில் அதற்குள் ஆடு மேயும். கார்த்திகை மழை இறங்கிவிட்டால், மேட்டுநிலத்து மண்ணையெல்லாம் அள்ளிக்கொண்டு மானிப்பாய்க்கு மேற்கே எங்கள் வயல்வெளிக்குள் ஓடிவரும்.

அதிலிருந்து வரும் வாய்க்கால் ஒன்று என் வயல் மூலையில் இரண்டாகப் பிரியும். நேரே போவது என் மனைவியின் தமையனுக்கு. பக்கத்தில் திரும்புவது எனக்கு.

அது இரண்டாம் உலகச் சண்டைக்காலம். பர்மா அரிசி நின்றுபோய், பங்கீட்டுக் கூப்பன் அரிசியும் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை என்றிருந்த வருஷம். வீட்டில் இருந்த விதைநெல் முழுவதையும் விதைத்துவிட்டேன். பயிர் போனால் மறுபடி விதைக்க ஒரு பிடி கிடையாது. அந்தப் பயத்தில் மழைக்கு முன்பே என் பக்க வாய்க்காலின் வாயை முழங்கால் ஆழத்துக்கு வெட்டி இறக்கினேன். ஆழமென்றால் தண்ணீர் கூடத்தானே வரும்? பந்திக்கு முந்து என்றுதானே சொல்லியிருக்கிறார்கள். முந்தினேன்.

முதல் பெருமழை விட்ட காலையில் போய்ப் பார்த்தால், வாய்க்காலை அடுத்த வயல்துண்டு முழுக்க நாலு விரல் உயரத்துக்கு மணல். பயிரின் நுனி மட்டும் அங்குமிங்குமாக நீட்டிக்கொண்டிருந்தது. மச்சானின் வயலில் ஒரு பிடி மணல் இல்லை. பயிர் குளித்துவிட்டு வந்ததுபோல் நின்றது. எனக்குத் தலை கொதித்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

"என்ன மச்சான், உம்மடை மண்ணைக் கொட்ட என்ரை வயலைத்தானோ கண்டீர்?"

வரம்பில் நின்ற மச்சான் திரும்பினார். "உமக்கென்ன விசரே? நானென்ன வாளியிலை அள்ளிக்கொண்டு வந்து ஊத்தினனானே?"

"அப்ப உம்மடை பக்கம் ஏன் மண் வரேல்லை? அதைச் சொல்லும்!"

"அதை ஆத்திட்டைக் கேளும்!"

வானம் மறுபடி கறுத்துக்கொண்டிருந்தது. இன்னொரு மழை இப்படிப் பெய்தால் மிச்ச வயலும் மூடிவிடும். எனக்கு வாய்க்காதது அவருக்கும் வேண்டாமென்று, அவருடைய வாய்க்காலை அடைக்க மண்வெட்டியைத் தூக்கினேன். வயலோரத்தில்தான் எங்கள் வீடு. சத்தம் கேட்டு மனைவி படலைக்கு வந்தாள்.

"வெட்டுறதெண்டால் ரெண்டு பேரும் கூழைக் குடிச்சிட்டு வந்து வெட்டுங்கோ. வெறுவயித்திலை சண்டை பிடிக்கக் குரலும் வராது."

அரிசி போடாத கூழ். காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவும் மரவள்ளிக்கிழங்கும் பலாக்கொட்டையும்தான். ஆளுக்கொரு பிலாவிலையைக் கிண்ணம்போலக் கோலிக்கொண்டு, முகத்தை ஆளுக்கொரு பக்கம் திருப்பிக்கொண்டு குந்தினோம். அவள் வார்த்தாள். மச்சான் தன் இலையைப் பார்த்தார், என் இலையை எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, உன்ரை மனுசனுக்குக் கிழங்கும் கொட்டையும், எனக்கு வெறுந்தண்ணியோ? அண்ணை எண்டால் இவ்வளவுதான் என்ன?"

"ஐயோ அண்ணை, நான் ஓரவஞ்சனை செய்யேல்லை. உங்களுக்கு மேலாலை அள்ளிப்போட்டன். இவருக்கு அகப்பை அடியிலை போயிட்டுது. அடியிலை விட்டால் அடியிலை கிடக்கிறதுதானே வரும்?"

வாய்க்குக் கொண்டுபோன இலையை மச்சான் இறக்கினார்.

"மச்சான், இந்தமுறை வாய்க்கால் வாயை எவ்வளவு ஆழமா வெட்டினீர்?"

நான் கூழைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "முழங்கால் அளவு."

அவர் சிரித்த சிரிப்பில் பாதிக் கூழ் அவருடைய வேட்டியிலேயே சிந்தியது.

மூவரும் வாய்க்கால் பிரியும் இடத்துக்குப் போனோம். மச்சான் வீட்டிலிருந்து அள்ளிவந்த ஒரு கை உமியைத் தண்ணீரில் தூவினார். அது மேலோடு மேலாக, அநேகமாக முழுவதும், நேரே அவர் வயல்பக்கம் ஓடியது. நான் தண்ணீருக்குள் கையை விட்டு அடியைத் தொட்டேன். மணல் எறும்புச் சாரைபோல என் விரல்களைத் தடவிக்கொண்டு என் பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. மேல்தண்ணீருக்கு அவசரம், நேரே போய்விடுகிறது. அடித்தண்ணீர் மெதுவாக வருகிறது. மெதுவாக வருவதைத் திருப்புவது லேசு. மணலும் அதோடுதான் வருகிறது. ஆழமாக வெட்டி அதற்கு வாசல் திறந்துவிட்டவன் நானேதான்.

"அகப்பையை மேலை தூக்கும் மச்சான்," என்றார் அவர்.

வேலியோரம் கிடந்த பனங்குற்றியை இரண்டு பேருமாக உருட்டி வந்து என் வாய்க்காலின் வாய்க்குக் குறுக்கே போட்டு, களிமண்ணால் இறுக்கினோம். இனி மேல்தண்ணீர் மட்டும் குற்றியைத் தாண்டி வழியும். பிறகு மத்தியானம் வரை மூவரும் குனிந்து, பயிர் முறியாமல் கையாலேயே மணலை வழித்தோம். மன்னிப்பென்று நான் வாய்திறந்து கேட்கவில்லை. அவரும் அதற்காகக் காத்திருக்கவில்லை.

அடுத்த மழை மூன்றாம் நாள் கொட்டித் தீர்த்தது. விடிந்ததும் ஓடினேன். குற்றிக்கு முன்னால் மணல் குவிந்து கிடந்தது. அதைத் தாண்டித் தேத்தண்ணீர் நிறத்தில் வெறும் தண்ணீர் என் வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது. அப்பாடா என்று சேற்று வரம்பிலேயே குந்திவிட்டேன். அதன்பிறகு ஒவ்வொரு மழைக்கும் குற்றிக்கு முன்னால் சேர்ந்த மணலை மச்சானும் நானும் மாறிமாறி வெட்டி எறிந்தோம். மூடிப்போன பயிரிலும் பாதிக்கு மேல் தலைதூக்கிவிட்டது.

நெல் வெட்டி, புது அரிசி போட்டுக் கூழ் காய்ச்சிய அன்று மச்சான்தான் முதல் ஆளாக இலையோடு வந்து குந்தினார்.

"தங்கச்சி, எனக்கு ஆழமா விட்டு அள்ளு. மண் வந்தாலும் பரவாயில்லை."