நூறு சேனல் டிவி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். துபாய்க்குப் போய் வந்த பிறகு அது இன்னும் நீண்டுவிட்டது.

1991 தொடக்கம். குவைத் பக்கம் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். முதல் லீவில் ஊருக்கு வந்தவன், ஒரு கலர் டிவியைத் தோளில் தூக்கிக்கொண்டு சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் இறங்கினேன். நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான் அந்தச் சுமை. அட்டைப்பெட்டியில் நூறு சேனல் என்று அச்சடித்திருந்த பக்கம் வெளியே தெரிகிற மாதிரி வேறு பிடித்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

டீக்கடையில் உட்கார்ந்ததும் உதார் விட ஆரம்பித்தேன்.

"மெட்ராஸ் நிலையம் மட்டும்னு நெனைச்சிகினீங்களா? உலகமே வரும். சண்டையை அப்படியே காட்டுறான். குண்டு விழுறது, ஜனங்க ஓடுறது, எல்லாம்!"

நான் பொய் சொல்லவில்லை. துபாயில் எங்கள் அறைச் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த ஒயரை இதே டிவியில்தான் செருகினோம். எல்லாம் வந்தது. டிவிதான் அதையெல்லாம் கொண்டுவருகிறது என்று நம்பினேன். ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிறவனுக்கு வேறென்ன தெரியும்? ஆனால் பேச்சு மட்டும் இன்ஜினீயர் பேச்சு.

அந்தப் பேச்சு எதிர்வீட்டு அண்ணி காதுக்குப் போனது. அவள் புருஷன் குவைத்தில் ஒரு கடையில் வேலை பார்த்தார். கூடப் போனவர்களெல்லாம் திரும்பிவிட்டார்கள். அவரைப் பற்றி மட்டும் மாதக்கணக்காக ஒரு தகவலும் இல்லை. ஊர் குசுகுசுவென்று பேசிக்கொண்டது. அண்ணி தினமும் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, அந்தப் பேச்சுக்கு நடுவிலேயே நிமிர்ந்து நடந்தாள்.

"தம்பி, அந்த ஊரை ஒரு தபா காட்டேன். கூட்டத்துல எங்கனா அவர் மூஞ்சி தெரியுதான்னு பார்க்கறேன்."

"இன்னா அண்ணி, இதைப் போய் கேட்டுகினு? சாயந்திரம் வாங்க."

சாயங்காலம் தெருவே வந்துவிட்டது. அம்மா டிவி முன்னால். நான் கூரைமேல் ஆண்டெனாவைப் பிடித்துக்கொண்டு. நடுவில் வாசற்படியில் நின்று, உள்ளே தெரிவதை எனக்குக் கத்திச் சொல்கிற வேலையை அண்ணி எடுத்துக்கொண்டாள்.

"வந்துச்சா?"

"ஈசல் பறக்குது தம்பி!"

"இப்போ?"

"கோடு கோடா கீது... ஆள் மாதிரி... திருப்பாத, திருப்பாத! ஐயோ, போச்சு!"

கடைசியில் ஒரு படம் நின்றது. மெட்ராஸ் நிலையத்தில் நெல்லுக்கு உரம் போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"டேய், துபாய்ல நடவு நட்றாங்கடா!" என்று யாரோ கத்த, தெரு விழுந்து விழுந்து சிரித்தது.

"ஏரிக்காத்து தடுக்குது!" என்று மேலிருந்து கத்தினேன். செம்பரம்பாக்கம் ஏரி எங்கே, எங்கள் தெரு எங்கே! அதைச் சொல்லி வாயை மூடும்போதுதான் ஞாபகம் வந்தது. துபாய்க் கட்டடத்து மொட்டை மாடியில் பெரிய தட்டு ஒன்று வானத்தைப் பார்த்து நிற்கும். அதன் இரும்புக் காலில் கயிறு கட்டி நான் லுங்கி காயப்போடுவேன். எங்கள் அறை ஒயர் அதிலிருந்துதான் இறங்கி வந்திருக்க வேண்டும். சேனலெல்லாம் அந்தத் தட்டில் வந்திருக்கிறது. நான் தூக்கி வந்தது வெறும் பெட்டி.

அந்த இடத்திலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். மானம் போகிறதே என்று சொல்லவில்லை. கீழே இறங்கினேன், டிவியை அணைத்தேன், மேலே போர்வையைப் போட்டேன்.

"வேணாம் அண்ணி. நீங்க இதைப் பார்க்க வேணாம். வீட்டுக்குப் போங்க."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் எதையோ சொல்லி நழுவினேன். பிறகு ஒரு காலையில் வந்து நின்றவள் தலையில் பூ இல்லை.

"நீ என்னமோ பார்த்துட்ட தம்பி. எனக்குத் தெரியக் கூடாதுன்னு பொட்டியை மூடி வச்சிகினுகீற. எதுவா இருந்தாலும் சொல்லிடு. நான் தாங்கிக்கிறேன்."

சொன்னேன். தட்டு, ஒயர், லுங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

"துபாய்ல இருந்தவன், உனக்குத் தெரியாதா? நீ நல்ல புள்ள. அதான் மறைக்கிற."

நான் விட்ட உதாரே இப்போது என் உண்மையின் கழுத்தை நெரித்தது. டிவியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தேன். இந்தத் தடவை நூறு சேனல் என்று காட்ட அட்டைப்பெட்டி இல்லை. ஆண்டெனாவையும் அவள் கூரையில் நட்டுக் கொடுத்தேன்.

"நாள் பூரா போட்டுப் பாருங்க அண்ணி. எல்லா பட்டனையும் அமுக்குங்க. அந்த ஊர் வந்தா என்னைச் செருப்பால அடிங்க."

சில நாள் அவள் வீட்டுப் பக்கமே நான் திரும்பவில்லை. ஈசல் பறக்கிற இரைச்சல் மட்டும் தெருவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு மாலை, டீக்கடையில் என்னைச் சுற்றி வழக்கமான ஆட்கள். பக்கத்துப் பூக்காரம்மாவிடம் அண்ணி வந்து நின்றாள். என்னைப் பார்த்ததும் கையை நீட்டிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"பூக்காரம்மா, இவனைப் பாரேன்! துபாய்லேர்ந்து வெறும் பொட்டியைத் தூக்கினு வந்து என்னைப் படுத்தி எடுத்துட்டான். இவன் ஒண்ணும் பார்க்கல, இவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது!"

டீக்கடையே திரும்பி என்னைப் பார்த்தது. காது மடல் எரிந்தது. அவள் புருஷன் இருக்கிறாரா இல்லையா என்று அன்றைக்கும் யாருக்கும் தெரியாது.

"ஆமா அண்ணி," என்றேன், கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரி. "எனக்கு ஒரு மண்ணும் தெரியாது."

அவள் ரெண்டு முழம் மல்லி வாங்கி, அங்கேயே நின்று தலையில் வைத்துக்கொண்டாள்.