இரண்டு ஆஸ்பத்திரி, ஒரு சீரம்

யோசனை ஐஸ் டிப்போவில் வந்தது. கரண்ட் போன ஒரு மத்தியானம்.

எங்கள் ஊர் கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவில், நெடுஞ்சாலை மேலேயே இருக்கிறது. பெயர் வேண்டாம். ஊரில் கரண்ட் நின்றால் எங்கள் ஆஸ்பத்திரி மருந்து ஸ்டோரிலிருந்து பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு டிப்போவுக்கு ஓடவேண்டியவன் நான். அன்றும் ஓடினேன். டிப்போக்காரர் உமியில் புதைத்திருந்த ஐஸ் பாளத்தை உளி வைத்து உடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால், எதிர்ப்பக்கத்து ஆஸ்பத்திரியின் வாட்ச்மேன் நின்றிருந்தார். அவர் கக்கத்திலும் ஒரு பிளாஸ்க் இருந்தது. என்னுடையதைப் போலவே நீலம், அகன்ற வாய்.

“இன்னா தம்பி, ஐஸு எதுக்கோசரம்?”

“டாக்டர் வீட்டுல விருந்துண்ணே. சர்பத்து போடறாங்க. உங்களுக்கு?”

“மதருக்கு உடம்பு சூடு. மோர்ல போட்டுக் குடிக்கணுமாம்.”

டிப்போக்காரர் தலை நிமிரவில்லை. “கரண்டு போனா மட்டும் ஒருத்தருக்கு விருந்து வருது, ஒருத்தருக்குச் சூடு வருது. நல்லா இருக்குதுய்யா உங்க ஆஸ்பத்திரிங்க,” என்றார்.

வாட்ச்மேன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலையில்தான் காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு விவசாயி தொண்டை அடைப்பான், அதாவது டிப்தீரியா, கண்ட மகனைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்திருந்தார். அந்த நோய்க்கு ஒரு சீரம் உண்டு. குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. குளிர்ச்சி குறைந்தால் கெட்டுவிடும். பிள்ளையின் தொண்டையில் வெள்ளைப் படலம் மூடுவதற்குள் அதை ஏற்றியாக வேண்டும். எங்கள் டாக்டர் “ஸ்டாக் இல்ல” என்றார். விவசாயி பிள்ளையோடு எதிரே போனார், அங்கேயும் “இல்ல.” அந்த மனிதர் சேலம் பஸ் ஏறிப் போய்விட்டார். இப்போது அந்த இரண்டு ‘இல்லை’யும் கையில் ஆளுக்கொரு பிளாஸ்க்கோடு ஐஸுக்கு நின்றுகொண்டிருந்தன.

எங்கள் ஆஸ்பத்திரியை ஊரார் தொரை ஆஸ்பத்திரி என்பார்கள். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் கட்டியது. எதிரே இருப்பது கன்னியர் நடத்துவது, அம்மாமார் ஆஸ்பத்திரி. நாங்கள் பிரசவ வார்டுக்கு அஸ்திவாரம் போட்டால் அங்கே எக்ஸ்ரே மெஷின் வந்து இறங்கும். அவர்கள் வேன் வாங்கினால் எங்கள் டாக்டருக்குத் தூக்கம் போய்விடும். இரண்டு வளாகத்திலும் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற போர்டிங் உண்டு. சீரம் மெட்ராஸிலிருந்து எப்போதாவது, கேட்டதில் பாதி வரும். அதில் கடைசிக் குப்பிகளை எங்கள் போர்டிங் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிவிடுவோம்; ‘போர்டிங் பங்கு’ என்று பெயர். அவை ஸ்டாக்கில் சேராது. ஆகவே “இல்லை” என்று சொல்வது யார் கணக்கிலும் பொய் இல்லை. அம்மாமாரிடமும் இதே வழக்கம்தான் என்று அந்தப் பிளாஸ்க்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் பாரூர்க்காரன். ஏரிப் பாசனத்தில் நெல் போடுகிற குடும்பம். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வரப்பில் நிற்கப் பிடிக்காமல் இந்த வேலைக்கு வந்தவன். யோசனை வந்தால் அன்றைக்கே செய்து பார்த்துவிட வேண்டும் எனக்கு. ஐஸ் உருகுவதற்குள் டாக்டர் முன்னால் நின்றேன்.

“சார், ரெண்டு பேர் சீரத்தையும் ஒண்ணா வச்சுக்கிட்டா என்ன? யார் வாசலுக்கு வந்தாலும் ஊசி கிடைக்கும். இங்க இல்லன்னா போன் பண்ணி அங்கருந்து வாங்கிக்கலாம்.”

“யோசனை நல்லாத்தான் இருக்குப்பா. மொதல்ல அவங்க சொல்லட்டும், எத்தனை வச்சிருக்காங்கன்னு.”

சைக்கிளை எடுத்து ரோட்டைத் தாண்டினேன். அம்மாமார் ஆஸ்பத்திரிக்குத் தலைவியான மதர் மலையாளத்துக்காரர். பொறுமையாகக் கேட்டார். “நல்ல காரியம் தன்னே, மோனே. முதல்ல டாக்டர் சொல்லட்டே.”

திரும்ப வந்தேன். திரும்பப் போனேன். கடைசியில், மற்றவர் சம்மதித்துவிட்டதாக இரண்டு பேரிடமும் சொன்னேன். பொய்தான். அந்தச் சீரத்தைப் பற்றி அந்த ரோட்டில் அதுவரை ஒருவரும் உண்மை பேசியதில்லை. நான் மட்டும் வேறு எப்படி ஆரம்பிப்பது?

மதரின் வரவேற்பறையில் டீயும் கேக்கும் வைத்து உடன்பாடு ஆயிற்று. மதர் ஒரு ஜெபம் சொன்னார். எங்கள் டாக்டர் அதைவிட நீளமாக ஒன்று சொன்னார். அதற்குள் டீ ஆறிப்போனது. ஆனாலும் இருவரும் தங்களிடம் இருப்பதை வாய்விட்டுச் சொன்னார்கள். அவசரம் என்றால் ஒருவருக்கொருவர் கொடுப்பது என்று முடிவானது. வெளியே வந்தபோது சைக்கிளில் போகிறேனா பறக்கிறேனா என்று எனக்குத் தெரியவில்லை.

சில வாரங்கள் கழித்து எங்கள் போர்டிங்கில் ஒரு பையனுக்குத் தொண்டை கட்டியது. அடைப்பானாக இருக்குமோ என்ற சந்தேகம்தான். டாக்டர் அவனோடு ஒரே அறையில் படுத்த பிள்ளைகளுக்கெல்லாம் முன்ஜாக்கிரதையாகச் சீரம் ஏற்றினார். கடைசிக் குப்பியை எடுக்கும்போது நான் வாய் திறந்தேன்.

“இதையும் போட்டுட்டா நம்மகிட்ட ஒண்ணுமே இல்லாமப் போயிடும் சார்.”

“அம்மாமார்கிட்டதான் இருக்கேப்பா. நீதானே ஓடி ஓடி உடன்பாடு பண்ணிக் குடுத்தே? இப்ப நீயே பயந்தா எப்படி?”

குப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அந்தப் பிள்ளைகளில் யாருக்கும் நோய் இல்லை என்று இரண்டு நாளில் தெரிந்தது. நல்லது என்றார் டாக்டர். எனக்கும் அப்போது நல்லது என்றுதான் பட்டது.

பிறகுதான் அந்தக் குழந்தை வந்தது. பர்கூர்ப் பக்கத்திலிருந்து வந்து ரோட்டோரம் கொட்டகை போட்டு ஜல்லி உடைக்கிற தெலுங்குக் குடும்பம். அப்பனின் கையில் பெண் குழந்தை. கழுத்து வீங்கி, ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குழி உள்ளே போய் வந்தது. அவன் உடம்பெல்லாம் கல்தூள்.

“ஊப்பிரி ராலேது சாமி. மூச்சு வரல சாமி,” என்றான், எனக்கு எந்தப் பாஷை புரியும் என்று தெரியாமல் இரண்டிலும்.

டாக்டர் தொண்டையைப் பார்த்தார். “அடைப்பான்தான். அம்மாமாருக்குப் போன் போடு.” அவர் குரலில் கவலையே இல்லை.

மதரே எடுத்தார். “இங்க இல்லியே, மோனே. உங்ககிட்ட உண்டல்லோ?”

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பழைய ‘இல்லை’, பழைய மோர். போனை வைத்துவிட்டுக் குழந்தையை அப்பன் கையில் கொடுத்தேன்; அவனைப் பின்னால் உட்கார வைத்துச் சைக்கிளை மிதித்தேன். மதர் வராண்டாவில் நின்றிருந்தார்.

“மதர், ஜல்லி உடைக்கிறவன் பிள்ளைன்னா இல்லன்னு சொல்லுவீங்களா? பிரிட்ஜைத் திறங்க.”

“சத்தியமாயிட்டு இல்ல, மோனே.”

“திறங்க மதர்!”

திறந்தார். உள்ளே ஒரு பாத்திரம் தயிர், வெண்ணெய், வேறு மாத்திரை டப்பாக்கள். சீரம் இருந்த தட்டு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. அவர்களுடைய போர்டிங்கிலும் ஒரு பெண்ணுக்குத் தொண்டை வலி வந்திருக்கிறது. “டாக்டரிடம் உண்டல்லோ” என்ற தைரியத்தில் மதரும் கூடப் படுத்த பெண்களுக்கெல்லாம் ஏற்றிவிட்டார். அங்கேயும் யாருக்கும் நோய் வரவில்லை.

அந்த ரோட்டில் முதன்முதலாக ஒருவர் “இல்லை” என்று உண்மையைச் சொன்னார். நான் அதை நம்பவில்லை. நாங்கள் மருந்தையா பகிர்ந்துகொண்டோம்? தைரியத்தைத்தான். எதிரே இருக்கிறது என்ற தைரியத்தில் நோயில்லாத பிள்ளைகளுக்கு, எங்கள் பிள்ளைகளுக்கு, அள்ளிக் கொடுத்தோம். ஒரே குப்பியை இரண்டு பேரும் எண்ணியிருந்தோம்.

மதர் தன் வேனைக் கொடுத்திருப்பார். அது கிருஷ்ணகிரிக்குப் போயிருந்தது. இனிச் சீரத்துக்குப் பெங்களூர்தான் என்று, அங்கே போகிற லாரி ஒன்றை மறித்து ஏறினோம். ஓசூர் தாண்டி, மைசூர் எல்லையில், அரிசி கடத்தலுக்காக வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் நீளமான வரிசை. நான் இறங்கி ஓடிப்போய் நடந்ததைச் சொன்னேன். போலீஸ்காரர் டார்ப்பாலினைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “அந்தத் துணி மூட்டைல இன்னா?” என்றார். மூட்டை இல்லை என்று தெரிந்ததும் பாவம், அவரே முன்னால் ஓடி வழி விலக்கினார். லாரி நகர்ந்தபோது அப்பன் குழந்தையின் மூக்கருகே கையை வைத்துக்கொண்டிருந்தான். கொஞ்ச தூரம் போனதும் கையை எடுத்துவிட்டான்.

“ஆப்பு சாமி,” என்றான். நிறுத்தச் சொன்னான். புளியமரத்தடியில் இறங்கி, வந்த திசையிலேயே நடக்க ஆரம்பித்தான். நானும் கூட நடந்தேன். வழியில் ஒன்றே ஒன்று கேட்டான்: ஊசி போட்டுக்கொண்ட அந்தப் பெரிய வீட்டுப் பிள்ளைகள் பிழைத்துக்கொண்டார்களா என்று. நோயே இல்லாமல்தான் அவர்களுக்கு ஊசி போட்டார்கள் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மறுபடி டீ வைத்துப் பேசினார்கள். கேக் இல்லை. “ஒருத்தரை ஒருத்தர் நம்பினதுதான் தப்பாப் போச்சு,” என்றார் எங்கள் டாக்டர். மதர் தலையாட்டினார். அந்த ஒன்றில் இரண்டு சபைக்கும் ஒற்றுமை வந்துவிட்டது. அடுத்த பார்சல் வந்ததும் போர்டிங் பங்கு பழையபடி தனியே போனது. யார் கேட்டாலும் இப்போது இரண்டு வாசலிலும் “இல்லை”தான். மத்தியானம் கரண்ட் போனால் டிப்போவில் வாட்ச்மேனும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறோம். எதுக்கு ஐஸ் என்று அவர் இப்போது கேட்பதில்லை.

ஆனால் நம்பியதா தப்பு? குப்பி எங்கே இருக்கிறது என்று ரோட்டில் போகிறவன் கண்ணுக்குத் தெரியாமல் இருந்ததுதான் தப்பு. ஆஸ்பத்திரி பிரிட்ஜுக்குள் இருக்கிறவரை அது போர்டிங் பிள்ளைகளுடையது. வெளியே எடுக்கவேண்டும்.

நேற்று டிப்போக்காரரிடம் கேட்டேன். ஐஸ் பெட்டியில் ஒரு மூலை தருவாரா என்று.

“மீன் வாசம் வருமே, பரவால்லியா?”

“குப்பி மூடித்தான் இருக்கும்ணே.”

“ரெண்டு ஆஸ்பத்திரிக்காரங்களும் ஒத்துக்கினாங்களா?”

“இல்ல.”

“இந்தத் தடவையாவது நெசத்தைச் சொல்றியே,” என்று ஒரு பலகையைத் தூக்கி ஓரமாக வைத்து இடம் காட்டினார்.

டாக்டரிடம் சொன்னால் வேலை போகும், சொல்லத்தான் போகிறேன். இரண்டு போர்டிங் பங்கிலிருந்தும் ஒவ்வொரு குப்பி கேட்பேன். கொடுக்காவிட்டால் பெங்களூர் மருந்துக் கடைகளில் என் சம்பளத்தில் கிடைக்கிறதா பார்ப்பேன். பெட்டிக்குள் மருந்து இருந்தால் டிப்போ வாசலில் ஒரு வெள்ளைத் துணி கட்டவேண்டும், தீர்ந்துபோனால் அவிழ்க்கவேண்டும். துணியைக் கண்டவன் குப்பியை வாங்கிக்கொண்டு எந்த ஆஸ்பத்திரிக்கும் ஊசிக்குப் போகலாம். எழுத்து வேண்டாம். ஜல்லி உடைக்கிறவனுக்கும் துணி தெரியும். கொட்டகை கொட்டகையாகப் போய்த் தெலுங்கிலும் கன்னடத்திலும் இதைச் சொல்லவேண்டும். முதல் கொட்டகை எது என்று எனக்குத் தெரியும். அவன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்பதுதான் இன்னும் தெரியவில்லை. திங்கட்கிழமை போகிறேன்.