ஐந்து முள்ளும் பதினேழாம் நம்பரும்

கொல்லைக் கதவுத் தாழ்ப்பாளுக்கு ஒரு திருகாணி வேண்டியிருந்தது. நான்கு இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருக்கின்றன. பதினோரு நாளாக இது என்னை உறுத்துகிறது. வீட்டில் வேறு யாரையும் உறுத்தவில்லை. பழைய தகர டப்பாவைக் கவிழ்த்தேன். திருகாணிகள் இருபத்தாறு, ஒன்றும் சேரவில்லை. கூடவே விழுந்தது விரல் நீளத்தில் ஒரு எஃகுத் துண்டு. மூக்கருகே கொண்டுபோனேன். மெஷின் சூடாகாமல் ஊற்றும் கூலண்ட் எண்ணெய் கெட்டுப்போன வாடை இன்னும் இருந்தது, அல்லது இருப்பதாக எனக்குத் தோன்றியது. நுனியில், இடவலம் மாறிய பதினேழு.

அது என் நம்பர் பஞ்ச். ஓசூரில் ஒரு கம்பெனியில் நான் இன்ஸ்பெக்டராக இருந்தேன். பெண் பார்க்கப் போனபோது பெண் வீட்டார் இரண்டு நாள் என்னைப் போலீஸ் இன்ஸ்பெக்டர் என்றே நம்பினார்களாம். என் மனைவி இன்றுவரை அந்த ஏமாற்றத்தைச் சொல்லிக்காட்டுவாள். உருப்படிகளை அளந்து, சரியாக இருந்தால் என் நம்பரை அதில் வைத்துச் சுத்தியால் ஒரு தட்டு தட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஓய்வு பெற்றபோது பஞ்சைத் திருப்பிக் கேட்க ஒருவருக்கும் நினைவில்லை. எனக்கு நினைவிருந்தது. கொடுக்கவில்லை.

அந்த எண்ணெய் வாடைக்குப் பின்னால் எனக்கு எப்போதும் ஆற்றுப் பாசி வாடையும் வரும். முனிராஜின் கைகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். பக்கத்தில் பேரிகை என்ற ஊர்க்காரன், கருவிகள் செய்யும் டூல் ரூமில் ஃபிட்டர். வீட்டில் தெலுங்கு, பஸ் கண்டக்டரோடு கன்னடம், என்னோடு தமிழ், மெஷினைத் திட்டும்போது மூன்றும். என்னைவிட ஆறு வயது இளையவன். ஞாயிற்றுக்கிழமை நான் மத்திகிரி வாடகை வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போதே வந்து வாசலில் சைக்கிள் மணி அடிப்பான். தென்பெண்ணைக்குப் போவோம். அவன் மீன் பிடிப்பான். நான் கரையில் உட்கார்ந்து தவறியவற்றை எண்ணுவேன்.

அவனிடம் ஒரு ஈட்டித் துப்பாக்கி இருந்தது. ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த ஒருவர் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. மரக்கட்டை, அதில் இழுத்து மாட்டும் ரப்பர், எட்டு மில்லிமீட்டர் கனத்தில் கூர்முனைத் தண்டு. கடல் மீனுக்குச் செய்தது. எங்கள் ஆற்றிலோ, முனிராஜின் கண் எப்போதும் கொக்கு மீன் மேல்தான். நீண்ட அலகும் விரல் பருமன் உடம்புமாக, தண்ணீருக்குச் சற்றுக் கீழே குச்சிபோல அசையாமல் நிற்கும். நீச்சல் கண்ணாடி மாட்டி, மார்பளவுத் தண்ணீரில் முங்கி அடிப்பான். தண்டு மீனை உரசிக்கொண்டு போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபத்து மூன்று தடவை அடித்தான், ஒன்றும் விழவில்லை.

"ஒத்த முள்ளு ஆவாதுண்ணா. நம்மூரு மீனு பென்சிலு மாதிரி இருக்குது. அஞ்சாறு முள்ளு வெச்சி ஒரு தலை செஞ்சி மாட்டணும்."

முதலில் மூன்று முள். மீன் நடுவில் புகுந்து போய்விட்டது. அடுத்த வாரம் தூண்டிலில் சிக்கிய ஒரு கொக்கு மீனை வெர்னியரால் அளந்தேன். தடித்த இடத்தில் பதினான்கு மில்லி. முட்களுக்கு இடையில் ஒன்பது மில்லிக்கு மேல் போகக்கூடாது, ஐந்து முள் வேண்டும் என்று சொன்னேன்.

"மீனுக்கு டாலரன்ஸ் போட்ட மொத ஆளு நீதாண்ணா," என்று சிரித்தான்.

தலை கனத்தால் தண்டு மூக்கைக் கீழே தொங்கப்போடும், தூரமும் குறையும். ஆறு கிராமாவது குறைக்க வேண்டும் என்று நச்சரித்தேன். நச்சரிப்பது என் சுபாவம். அவன் ஸ்ப்ரிங் கம்பியில் முட்களை ராவி, தண்டில் திருகி மாட்ட மறை போட்ட ஒரு சிறிய உருளையின் விளிம்பில் ஐந்தையும் பதித்துப் பற்ற வைத்தான். எல்லாம் கம்பெனி இரும்பு, கம்பெனி நேரம். மதியச் சாப்பாட்டு வேளையில் என் மேசைக்குக் கொண்டு வந்தான். அளந்தேன். ஐந்து இடைவெளிகளும் ஒன்றுபோல இருந்தன. அத்தனை நல்ல வேலையை அந்த வருடம் நான் பார்க்கவில்லை. மனம் எங்கேயோ இருக்க, கை தன் பழக்கத்தில் பஞ்சை எடுத்து உருளையில் வைத்து ஒரு தட்டு தட்டிவிட்டது.

"யோவ், இன்னாண்ணா பண்ண?" என்றான் முனிராஜ். பிறகு சிரித்தான். நானும் சிரித்தேன்.

அவன் பெர்மனென்ட் ஆக இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. முள் தலையை நானே கேட்டைத் தாண்டி வெளியே கொண்டுபோகிறேன் என்றேன்.

"நீயா? கேட்டுக்கு நூறடி முன்னாடியே உன் மூஞ்சி சொல்லிக்குடுத்துரும். குடு இங்க."

சாயங்காலம் கேட்டில் சோதனை. எனக்கு முன்னால் பதினோரு பேருக்கு அப்பால் அவன். டிபன் கேரியரின் அடித்தட்டைத் திறந்தார்கள். களி ஒட்டிக்கொண்டிருந்த தட்டிலிருந்து ஐந்து முள்ளையும் எடுத்து மேசைமேல் வைத்தார்கள். எனக்கு அப்போதுதான் பதினேழு ஞாபகம் வந்தது.

அதிகாரி வந்தார். "யார் செஞ்சது?"

"நான்தான் சார்."

"அளந்து குடுத்தது?"

"நானே ஸ்கேல் வெச்சிப் பாத்தேன் சார்."

அவர் நம்பவில்லை. வரிசையைப் பார்த்தார். "இன்ஸ்பெக்ஷன்ல யாரு இருக்கீங்க? நீங்க வாங்க. பாத்துச் சொல்லுங்க, இதுல யாரோட நம்பராவது இருக்கா?"

நான் போனேன். கையில் வாங்கித் திருப்பினேன். பதினேழு இருந்த இடம் சாணைக்கல்லில் தேய்க்கப்பட்டுப் புதுக்காசுபோல மின்னியது. மதியத்துக்கும் சாயங்காலத்துக்கும் நடுவில் எப்போதோ அவன் அதைச் செய்திருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை. இப்போதும் என்னைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நம்பர் எதுவும் இல்லை சார்," என்றேன்.

என் வேலைக்காலத்தில் நான் கொடுத்த அறிக்கைகளில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லாதது அது.

அவனை அன்றே அனுப்பிவிட்டார்கள். அந்த ஐந்து முள் தண்ணீரைப் பார்க்கவே இல்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை கழித்துப் பேரிகைக்குப் போனேன். தக்காளிச் செடிகளுக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தான். ஏன் தேய்த்தாய் என்று கேட்கத்தான் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே சொன்னான்:

"நீதானண்ணா வெயிட்டு வெயிட்டுன்னு பிராணன வாங்குன? அதான் கொஞ்சம் தேச்சேன். வா, மோரு குடிக்கலாம்."

குடித்தேன், இரண்டு டம்ளர். மறுநாள் கம்பெனியில் அதே அளவு உருளைத் துண்டு ஒன்றை எடுத்து, பதினேழு அடித்து, தேய்த்து, முன்னும் பின்னும் நிறுத்தேன். வித்தியாசம் கால் கிராம். கால் கிராமுக்காக யாரும் கல்லைச் சுற்றவைக்க மாட்டார்கள். அது தெரிந்த பிறகும் உண்மையைச் சொல்ல அதிகாரியிடம் போகவில்லை. முதலில் இந்த வாரம் என்றேன், பிறகு போனஸ் முடியட்டும் என்றேன். பேரிகைக்கும் போகவில்லை. முனிராஜ் இறந்து ஆறு வருடம் ஆகிறது. எனக்குத் தெரியவந்ததே பதினாறு நாள் கழித்து, குந்தாரப்பள்ளிச் சந்தையில்.

இன்று காலை பஞ்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். தென்பெண்ணை அணைப் பக்கம் ஆற்றில் ஆலைக் கழிவின் நுரை. குச்சிபோல நிற்கும் மீன் இருந்தாலும் தெரியாது. இல்லை என்றுதான் சொல்கிறார்கள். அங்கிருந்து ஆட்டோவில் கம்பெனி இருந்த இடத்துக்குப் போனேன். கம்பெனியை மூடிப் பல வருடமாகிறது. டூல் ரூம் இருந்த பக்கம் அடுக்குமாடி. கேட் மட்டும் ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கிறது. அங்கே ஒரு மேசையும் இருக்கிறது, மேசைமேல் ஒரு நோட்டு. காவலுக்கு இருந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். நான் அசையாமல் நிற்பதைப் பார்த்து எழுந்து வந்தார்.

"யாரப் பாக்கணும் பெரியவரே? நம்பர் சொல்லுங்க."

"பதினேழு," என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"இங்க மொத்தமே பன்னெண்டு வீடுதாங்க. பதினேழுன்னு ஒண்ணும் இல்லீங்களே."