காந்தம் ஒட்டிய அண்டா

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டை ஒட்டிச் சுப்பண்ணனின் எவர்சில்வர் கடை. அதற்கு அடுத்தது என் உரக்கடை. அந்த மனுஷனுக்கு வியாபாரமே தெரியாது என்பது என் கருத்து. யாராவது ஒரு குடத்தைக் கையில் எடுத்தால் போதும்.

"அது எரநூத்தி ரெண்டாம் நம்பர் ரகமுங்க. நிக்கல் கம்மி, மாங்கனீசு போட்டு ஒப்பேத்தியிருப்பாங்க. புளியும் உப்பும் பட்டா நாளாவட்டத்துல புள்ளி உழுகும். முன்னூத்தி நாலு எடுத்துக்குங்க, வெல கூடத்தான்" என்பார். வந்தவர் இரண்டையும் வைத்துவிட்டுப் போய்விடுவார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதானே.

பச்சைத் தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போயிருந்த காலம் அது. உரம் வாங்க ஆளில்லாமல் நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். தேயிலை பேக்டரி கிளார்க் சின்னராஜ், பாதிச் சம்பளத்தில் மூத்த மகள் ஜெயஸ்ரீக்குக் கல்யாணம் வைத்தார். சீர்ப் பாத்திரத்தில் மட்டும் குறை வரக் கூடாது என்று, சுப்பண்ணனை நம்பி எல்லாவற்றையும் முன்னூற்று நாலிலேயே எடுத்தார். ஒவ்வொன்றிலும் பெண்ணின் பெயரை வெட்டிக் கொடுத்தார் சுப்பண்ணன்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மண்டபத்தில் சீர் பரப்பியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா ஜானகியம்மாள் மேட்டுப்பாளையத்திலிருந்து வந்து இறங்கியதும் கைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் அசல். எங்கள் பக்கத்தில் பாத்திரத்துக்கு அதற்கு மேல் பரீட்சை கிடையாது. அண்டாவின் வயிற்றில் காந்தம் ஒட்டவில்லை. அடி வளைவில் லேசாக ஒட்டியது. குடத்தின் கழுத்திலும் ஒட்டியது.

"ஏனுங்க, இரும்பக் குடுத்து ஏமாத்தலாம்னு பாத்தீங்களா?" என்று சின்னராஜைக் கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் பெட்டியைக் கட்டாத குறை.

ஆள் அனுப்பிச் சுப்பண்ணனை வரவழைத்தார்கள். நானும் கூடப் போனேன். அழுத்தி வளைத்த இடத்தில் முன்னூற்று நாலும் கொஞ்சம் காந்தம் பிடிக்கும். அதைச் சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார்.

"ஓகோ, கடைக்காரரும் கூட்டுங்களா?" என்றார் ஜானகியம்மாள்.

சுப்பண்ணன், மூலையில் அழுதுகொண்டிருந்த ஜெயஸ்ரீயைப் பார்த்தார்.

"தப்பு என்னுதுங்க. அவருக்கு ஒண்ணுந் தெரியாது. நான்தான் மட்டத்தத் தள்ளி உட்டுட்டேன். இப்பவே மாத்திக் குடுத்தர்றனுங்க" என்றார்.

கடைக்கு வந்து, காந்தம் வைத்துப் பார்த்து, ஒட்டாத மலிவு இருநூற்று இரண்டாகப் பொறுக்கினார். மறுபடி பெயர் வெட்டினார். ஜானகியம்மாள் சோதித்துப் பார்த்து, "இது அசல்" என்றார். கல்யாணம் நடந்தது.

"சின்னராஜுகிட்டயாச்சும் நெசத்தச் சொல்லுங்க" என்றேன்.

"சொன்னா அவரு சும்மா இருப்பாருங்களா? சம்பந்தியம்மாகிட்டச் சண்டைக்குப் போவாரு. புள்ள அந்த ஊட்டுல பொழைக்கோணுமல்லங்க."

ஊருக்குள் பேச்சு பரவியது. பாத்திரம் வேண்டுமென்றால் ஜனங்கள் மேட்டுப்பாளையம் பஸ் ஏறினார்கள். வியாபாரத்தில் நானும் அவரும் சமமானோம்.

பிறகு சின்னராஜின் இளைய மகளுக்குக் கல்யாணம் கூடியது. பத்திரிகை வைக்க அவரே வந்தார். எனக்கு வைத்தார். சுப்பண்ணன் கடையைத் தாண்டி இருக்கும் பேக்கரிக்கும் வைத்தார். நடுக்கடைப் படியில் கால் வைக்கவில்லை.

"நீங்க போயிட்டு வாங்க. ஜெயஸ்ரீ வந்திருந்தா எப்புடி இருக்குதுன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றார் சுப்பண்ணன்.

அந்தக் கல்யாணத்துக்குப் போக எனக்கு மனசில்லை. ஆனாலும் போனேன்.